அஞ்சே நிமிஷம் மச்சி!



கடைசிப் பரீட்சை எழுதியாச்சு. பேனாவை மூடுறதுக்கு முன்னாடியே வாய் கேட்கும், ‘அடுத்து எங்கடா?’ கையில காசு இருக்கிற கோஷ்டி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்பிடும். பெட்ரோலுக்கு மட்டும் காசு இருக்கிற கோஷ்டி பக்கத்து ஏரிக்குக் கிளம்பும். நான் படிச்ச காலத்துல எங்க கோஷ்டி ரெண்டாவது ரகம்!

காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் படிக்கிறவங்களுக்கு எந்த ஏரின்னு இந்நேரம் புரிஞ்சிருக்கும். தென்னேரி! வாலாஜாபாத்துக்குப் பக்கத்துல, மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒண்ணு. தொண்டைமான் இளந்திரையன் பேர்ல திரையன் ஏரியா இருந்ததுதான் பேச்சு வழக்குல தென்னேரி ஆச்சுன்னு சொல்வாங்க. கரை மேல நின்னு பார்த்தா எதிர்க்கரை கண்ணுக்கு ஒரு கோடு மாதிரிதான் தெரியும். நடுவுல தண்ணி, மேல வானம். வேற ஒண்ணுமே கிடையாது.

அந்த ‘வேற ஒண்ணுமே கிடையாது’ங்கிறதுதான் இந்த வார மேட்டர்.

ஒரு மே மாசம். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்குது. நாலு பைக்ல எட்டு பேர் போயிருந்தோம். ஏரி பாதிக்கு மேல வத்தி, ஓரத்துல தரை தெரிஞ்சுது. அதுல ரெண்டு மேட்ச் ஆடி முடிச்சுட்டு, சாயங்காலம் நாலரை மணி வாக்குல கரை மேல ஏறி போட்டோ படலம் ஆரம்பிச்சோம். அப்போதான் மேற்கே ஒரு மேகம். அடியில மை மாதிரி கறுப்பு, மேல காலிஃபிளவர் மாதிரி வெள்ளை. ‘சூப்பர் பேக்ரவுண்டுடா!’ன்னான் எங்க கேமரா பார்ட்டி.

கரையோரம் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, “தம்பிங்களா, மேக்கால கறுத்துக்கினு வருது பாருங்க. கரையில நிக்காதீங்க, ஊருக்குள்ள போயிடுங்க”ன்னார்.

“இதோ தாத்தா, அஞ்சே நிமிஷம்!”

அவர் ஒரு குரல் கொடுத்தார். ஆடுங்க அத்தனையும் மேய்ச்சலை விட்டுட்டு ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சுடுச்சு. எட்டு பேர் டிகிரி படிக்கிறோம், நாங்க மட்டும் நின்னுக்கிட்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்துல ஜில்லுனு ஒரு காத்து. நாள் பூரா வெந்து கிடந்த உடம்புக்கு அது சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. ‘ஆஹா!’ன்னு கையை விரிச்சு நின்னோம். அடுத்து புழுதி. அடுத்து காசு அகலத்துக்கு ரெண்டு துளி. அடுத்து சடசடன்னு மழை. என்ன செஞ்சோம் தெரியுமா? எட்டு பேரும் ஓடிப்போய் ஒரே மரத்தடியில ஒண்டிக்கிட்டோம்.

தூரத்துலேர்ந்து அந்தப் பெரியவர் கத்தினது இன்னைக்கும் காதுல கேட்குது. “மரத்தாண்ட நிக்காதீங்கடா... ஓடியாங்கடா!” ‘தம்பிங்களா’ போய் ‘டா’ வந்த பிறகுதான் எங்களுக்கு உறைச்சுது. பைக்கை அங்கேயே விட்டுட்டு ஓடினோம். ஊர் எல்லையில முதல் வீடு ஒரு தறி வீடு. அந்த வீட்டு அம்மா எதுவும் கேட்கல. கதவைத் திறந்து, “உள்ள வாங்க, சுவத்துல சாயாதீங்க”ன்னாங்க, அவ்வளவுதான்.

உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கிட்டிருக்கோம், வெளியே வெள்ளையா ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தோடவே சத்தமும். தரை அதிர்ந்துச்சு. மழை விட்டு வெளியே வந்து பார்த்தா, கரை மேல ஒரு பனை மரத்தோட தலை கருகிப் புகைஞ்சுக்கிட்டிருக்கு. நாங்க போட்டோ எடுத்த இடத்துலேர்ந்து நூறு அடி கூட இருக்காது.

எட்டு பேர்ல ஒருத்தன்கூட பேசல. எல்லார் மனசுலயும் ஓடினது ஒரே கணக்கு. இன்னும் அஞ்சே நிமிஷம் நின்னிருந்தா?

ஏன் சாயங்காலம்? ஏன் மேற்கே?

பெரியவங்க மழைக்கு ஈசானி மூலையைப் பார்ப்பாங்க. அதாவது வடகிழக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது சரி. ஆனா நம்ம பக்கத்துக் கோடை இடிமழை பெரும்பாலும் எதிர்த் திசையிலேர்ந்து வரும்.

பகல் பூரா தரை கொதிக்குது. சூடான காத்து லேசாகி மேலே ஏறுது. மதியத்துக்கு மேல கடல் காத்து ஈரத்தை அள்ளிக்கிட்டு உள்ளே வருது. மேற்கேயிருந்து வர்ற வறண்ட அனல் காத்தும், கிழக்கேயிருந்து வர்ற ஈரக்காத்தும் முட்டிக்கிற இடத்துல, காத்துக்கு மேலே போறதைத் தவிர வேற வழியில்ல. அப்படிக் கிளம்புற மேகம் 12 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர் உயரத்துக்குக்கூட வளரும். எவரெஸ்ட் சிகரமே 9 கிலோமீட்டருக்குக் கீழதான், யோசிச்சுக்கோங்க!

ஜவ்வாது மலை, வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இப்படி உருவாகிற மேகங்கள் பல நாள் கிழக்கே நகர்ந்து காஞ்சிபுரம் வழியா சென்னையை நோக்கி வரும். கத்திரியில மட்டும் இல்ல, ஆடி, ஆவணியிலயும் சாயங்காலமும் ராத்திரியும் இதே கதைதான். வானிலை ரசிகர்கள் சென்னை ரேடார் படத்துல மேற்குப் பக்கத்தை முறைச்சுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கிறது இதுக்குத்தான்.

மேகத்துக்குள்ள என்ன நடக்குது? ஐஸ் துகள்களும் சின்ன ஆலங்கட்டிகளும் ஒண்ணோட ஒண்ணு உரசி மின்னூட்டம் பிரியுது. பெரும்பாலும் மேல் பக்கம் பாஸிட்டிவ், கீழ் பக்கம் நெகட்டிவ். இந்த இடைவெளி தாங்க முடியாத அளவுக்குப் போனதும் வெட்டுது மின்னல். அது போற பாதையில காத்து ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகும். சூரியனோட மேற்பரப்பைவிட இது அஞ்சு மடங்கு. சூடான காத்து வெடிச்சு விரியற சத்தம்தான் இடி.

இப்போ நாங்க கையை விரிச்சு ரசிச்ச அந்த ஜில் காத்துக்கு வாங்க. அது ஏரிக்காத்து இல்ல பாஸ். மேகத்துக்குள்ள குளிர்ந்த காத்து மழையோட சேர்ந்து கீழே கொட்டி, தரையில மோதி நாலாபக்கமும் ஓடிவருது. அதோட முன் வரிசைதான் நம்ம முகத்துல பட்டது. அதாவது, புயல்மேகம் பக்கத்துல வந்தாச்சுங்கிற தகவல் அது. ‘என்னா காத்துடா!’ன்னு நாம கொஞ்ச நேரம் கூடுதலா நிக்கிற அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். மழைத்துளி விழணும்னுகூட கட்டாயம் இல்ல. மழை பெய்யற இடத்துலேர்ந்து 10 கிலோமீட்டர், அதுக்கு மேலயும் தள்ளி மின்னல் விழறது உண்டு.

ஏரின்னா கூடுதல் ஆபத்து

மின்னல் பொதுவா உயரமா துருத்திக்கிட்டு இருக்கிறதைத் தேடும். ஊருக்குள்ள கோபுரம், டவர், தென்னை, மாடி வீடுன்னு ஆயிரம் இருக்கு. ஏரி நடுவுல? தண்ணி தட்டையா கிடக்கு. அதுல தலையை நீட்டிக்கிட்டு இருக்கிறது நீச்சலடிக்கிற நம்மாளும் பரிசல்காரரும்தான். வத்தின ஏரியில கிரிக்கெட் ஆடினா, அந்தப் பெரிய வெட்டவெளியில உயரமான பொருள் பேட்ஸ்மேன். கரை மேல ஏறினா இன்னும் மோசம். கரையே மேடு, அதுக்கு மேல நாம, நமக்குப் பக்கத்துல பனை.

தண்ணியில இருக்கிறவங்களுக்கு இன்னொரு ஆபத்து. மின்னல் தண்ணியில விழுந்தா மின்சாரம் மேற்பரப்புல பரவும். தள்ளி இருக்கிறவனுக்கு உயிர் போகாட்டியும் உடம்பு மரத்துப்போனா போதும், அடுத்த நிமிஷம் மூழ்கிடுவான்.

‘இடி என்ன, நேரா என் தலையிலயா விழப்போவுது?’ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு செய்தி. இடி தாக்கி இறக்கிறவங்கள்ல நேரடியா தலையில வாங்கினவங்க கொஞ்சம் பேர்தான். மரத்துல விழுந்த மின்னல், பக்கத்துல நிக்கிறவன் மேல தாவும். இல்லேன்னா தரையில இறங்கி வட்டமா பரவும். ஒரு கால் வழியா ஏறி இன்னொரு கால் வழியா இறங்கும். காலுக்கும் காலுக்கும் இடைவெளி அதிகமா இருந்தா ஆபத்தும் அதிகம். ஒரே இடியில மந்தையே சாயறதுக்கு இதுதான் காரணம். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல அவ்வளவு தூரம் இருக்கே! அந்த ஆட்டுக்காரப் பெரியவருக்கு பிசிக்ஸ் தெரியாம இருக்கலாம். ஒரு இடிக்கு எத்தனை ஆடு போகும்ங்கிற கணக்கு தெரிஞ்சிருந்துச்சு.

ரெண்டு ஊர், ஒரே அஞ்சு நிமிஷம்

2021 ஜூலை 11. ராஜஸ்தான், ஜெய்ப்பூர். ஆமேர் கோட்டைக்கு எதிர்ல மலை மேல ஒரு காவல் கோபுரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நல்ல மழை மேகம், நல்ல காத்து. மேல ஏறி செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்த கூட்டத்து மேல மின்னல் விழுந்துச்சு. 11 பேர் இறந்தாங்க. நிறைய பேர் நம்ம வயசுப் பசங்க.

இன்னொண்ணு, தண்ணியில நடந்தது. 2018 ஜூலை 19. அமெரிக்காவில் மிசௌரி மாநிலம், டேபிள் ராக் ஏரி. தரையிலயும் ஓடும் தண்ணியிலயும் மிதக்கும் ஒரு சுற்றுலாப் படகு. இடிப்புயல் வரலாம்னு அன்னைக்குக் காலையிலேயே முன்னறிவிப்பு வந்தாச்சு. சாயங்காலம் 6.32-க்கு ‘கடுமையான இடிப்புயல் வருது’ன்னு நேரடி எச்சரிக்கையும் வந்தாச்சு. வழக்கமா முதல்ல ஊர் சுத்திக் காட்டிட்டுத்தான் ஏரிக்குப் போவாங்க. அன்னைக்குப் புயல் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு முதல்ல ஏரியில இறக்கினாங்க. தண்ணி அமைதியாத்தான் இருந்துச்சு. சில நிமிஷத்துல காத்து அடிச்ச அடியில அலை எழும்பி, 7.10-க்குள்ள படகு மூழ்கிடுச்சு. இருந்தது 31 பேர், போனது 17 பேர். அதுல 9 பேர் ஒரே குடும்பம். லைஃப் ஜாக்கெட் எல்லாம் அவங்க தலைக்கு மேலயே தொங்கிக்கிட்டிருந்துச்சு.

கவனிச்சீங்களா? ரெண்டு இடத்துலயும் வானம் ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. மேகம் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அமெரிக்காவில் எச்சரிக்கை அரைமணி நேரத்துக்கு முன்னாடியே வந்துச்சு. உயிரைக் குடிச்சது, ‘அதுக்குள்ள முடிச்சிடலாம்’ங்கிற அந்த நினைப்பு. நாங்க தென்னேரிக் கரையில சொன்ன அதே வசனம்தான்.

அவங்களுக்கு அஞ்சு நிமிஷம்கூட சொந்தமில்ல

இங்க ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டா தப்பு. இடி தாக்கி இறக்கிறவங்கள்ல செல்ஃபி எடுத்தவங்க கொஞ்சம். வயல்ல குனிஞ்சு வேலை செஞ்சவங்கதான் நிறைய.

2025 அக்டோபர் 16. கடலூர் மாவட்டம், வேப்பூர் பக்கம் கழுதூர். மக்காச்சோள வயலுக்கு வேலைக்குப் போன நாலு பெண்கள் மின்னல் தாக்கி இறந்துபோனாங்க. ஒரே நேரத்துல நாலு வீட்டுல விளக்கு அணைஞ்சது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் இடி, மின்னலுக்குப் பலியானவங்க 2,887 பேர். வகுத்துப் பாருங்க, நாளைக்கு ஏறக்குறைய 8 பேர். புயல், வெள்ளம்னா டிவியில நாள் பூரா ஓடும். இது ஒவ்வொரு ஊர்ல ஒருத்தர், ரெண்டு பேர்னு நடக்கிறதால ஆறாம் பக்கத்துச் செய்தியா போயிடுது.

நாம கரையில நிக்கிறது விருப்பத்துக்கு. அவங்க வயல்ல நிக்கிறது கூலிக்கு. ‘வானம் கறுக்குது, நான் கிளம்பறேன்’னு பாதியில கிளம்பினா அன்னைக்குக் கூலி என்னாகுமோங்கிற பயம். அதனால வானத்தைப் பார்த்தாலும் கை நிக்காது. அதுக்கு மேல, எச்சரிக்கை வர்ற போன் வீட்டுல பையன் கையில இருக்கும். அந்தப் பையன் நீங்கதான்!

போன் எதுக்கு இருக்கு?

ரீல்ஸ் பார்க்கிறதுக்கு நடுவுல ரெண்டு ஆப் ஏத்திக்கோங்க. ரெண்டும் இலவசம். ஒண்ணு ‘தாமினி’. புனேயில் இருக்கிற இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கினது. நீங்க நிக்கிற இடத்தைச் சுத்தி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்துல மின்னல் எங்க விழுதுன்னு காட்டும். இன்னொண்ணு ‘டிஎன் அலர்ட்’. தமிழ்நாடு அரசின் பேரிடர் மேலாண்மைத் துறையோடது. சென்னை வானிலை ஆய்வு மையம் ‘அடுத்த 3 மணி நேரத்துக்கு இந்தெந்த மாவட்டங்கள்ல இடியுடன் மழை’ன்னு அறிவிப்பு விடுதே, அதையும் ஏரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க.

சார்ஜ் இல்லையா? கண்ணும் காதும் போதும். மின்னல் தெரிஞ்ச உடனே எண்ண ஆரம்பிங்க. சத்தம் காத்துல ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 விநாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 விநாடின்னா 10 கிலோமீட்டர் தூரம். 30-க்குக் கீழ வந்தா பேச்சே இல்ல, கிளம்பணும். 10 கிலோமீட்டர் தூரம்தானேன்னு நினைக்காதீங்க. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல வர்ற மேகம் கால் மணி நேரத்துல உங்க தலைக்கு மேல நிக்கும். கரையிலேர்ந்து இறங்கி, பைக்கைத் தேடி, ‘சாவி யார்கிட்டடா?’ன்னு கேட்டு முடிக்கவே உங்களுக்குக் கால் மணி நேரம் ஆகும்!

கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிஷம் ஆன பிறகுதான் திரும்ப வெளியே வரணும். மழை விட்டதும் குதிச்சு ஓடிவர்றவங்களும் நிறைய பேர் மாட்டியிருக்காங்க.

எங்க ஓடறது?

* ஓகே: கதவு, சுவர் எல்லாம் உள்ள நல்ல கட்டடம். கண்ணாடி ஏத்தின கார், பஸ். காருக்குள்ள காப்பாத்தறது டயர் இல்ல, சுத்தி இருக்கிற உலோகக் கூடு.

* ஓகே இல்ல: மரத்தடி, கரை மேல், தண்ணி, திறந்த கொட்டகை, நாலு தூண் மட்டும் இருக்கிற பஸ் ஸ்டாப், பைக், ஆட்டோ, கம்பி வேலி, மின்கம்பம்.

* உள்ளே போனதும்: சார்ஜர்ல மாட்டின போன்ல பேசாதீங்க. குழாயில குளிக்காதீங்க. சுவத்துல சாயாதீங்க. அந்தத் தறி வீட்டு அம்மா சொன்னதுல அர்த்தம் இருக்கு. சுவத்துக்குள்ள ஒயரும் குழாயும் ஓடுதே!

* ஒரு கட்டடமும் இல்லாத வெட்டவெளியா? முதல்ல மேட்டுலேர்ந்து இறங்குங்க. மரம், கம்பி, தண்ணியை விட்டு விலகுங்க. கூட்டமா நிக்காம தள்ளித் தள்ளிப் பிரிஞ்சு போங்க. ஒருத்தனுக்கு அடிபட்டாலும் மத்தவன் உதவிக்கு இருக்கணும். வேற வழியே இல்லேன்னா ரெண்டு காலையும் ஒண்ணா சேர்த்து வச்சுக் குந்துங்க. தரையில படுக்கவே கூடாது. குந்தறது பாதுகாப்பு இல்ல, கடைசிக் கட்ட முயற்சி அவ்வளவுதான். ஓட இடம் இருந்தா ஓடறதுதான் புத்திசாலித்தனம்.

இதெல்லாம் கதை பாஸ்!

‘ரப்பர் செருப்பு போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது.’ கிலோமீட்டர் கணக்குல காத்தைக் கிழிச்சுக்கிட்டு வர்ற மின்னலுக்கு உங்க அரை இஞ்ச் செருப்பு ஒரு பொருட்டா?

‘செல்போன் மின்னலை இழுக்கும்.’ இழுக்காது. ஆனா செல்போனைப் பிடிச்சுக்கிட்டு வெட்டவெளியில நிக்கிற ஆளைத் தாக்கும்!

‘ஒரே இடத்துல ரெண்டு தடவை விழாது.’ அமெரிக்காவில் ராய் சல்லிவன்னு ஒரு வனக் காவலர். 1942-க்கும் 1977-க்கும் நடுவுல அவரை மட்டும் 7 தடவை மின்னல் தாக்கினது கின்னஸ் சாதனை. நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துல வருஷத்துக்கு 20 தடவைக்கு மேல விழுது.

‘அர்ஜுனா, அர்ஜுனான்னு சொன்னா போதும்.’ தாராளமா சொல்லுங்க, நம்ம பாட்டி சொல்லிக்கொடுத்தது. ஆனா ஓடிக்கிட்டே சொல்லுங்க!

அடிபட்டவனைத் தொடலாமா?

தொடலாம். தொட்டே ஆகணும். மின்னல் தாக்கின உடம்புல கரண்ட் தங்காது. இந்த ஒரு விஷயம் தெரியாம சுத்தி நின்னு பார்த்து உயிரை விட்டவங்க எத்தனை பேரோ! மின்னல் அடிச்சவங்க பெரும்பாலும் பிழைச்சுக்குறாங்க. இறக்கிறவங்களுக்கு உடனடிக் காரணம், இதயமும் மூச்சும் நின்னுபோறதுதான்.

அதனால முதல்ல ஒருத்தன் 108-க்குப் போன் போடணும். இன்னொருத்தன், மூச்சு இல்லேன்னா நெஞ்சு நடுவுல ரெண்டு உள்ளங்கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120 தடவை அழுத்தணும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது. அசதியானா ஆள் மாத்திக்கோங்க. இடி இன்னும் விழுந்துக்கிட்டு இருந்தா, அவரை ஆபத்தில்லாத இடத்துக்குத் தூக்கிட்டுப் போய் ஆரம்பிங்க. உங்க காலேஜ் என்எஸ்எஸ், ஒய்ஆர்சி ஆளுங்ககிட்ட கேட்டு ஒரு மணி நேரம் இதைக் கத்துக்கோங்க. அரியர் க்ளியர் பண்றதைவிட இது முக்கியம்!

பாவு சொல்ற பாடம்

அன்னைக்கு அந்தத் தறி வீட்டுல உட்கார்ந்திருந்தப்போ, சும்மா பேச்சு கொடுக்கலாம்னு “மழை வந்தா தறி வேலை என்னம்மா ஆகும்?”னு கேட்டேன்.

“தறி வேலைய விடுப்பா. தெருவுல பாவு விரிச்சிருக்கப்போ மழை வந்தாத்தான் கஷ்டம். மேகம் மூடினாலே சுருட்டிடுவோம். துளி விழட்டும்னு காத்திருந்தா, அன்னைக்கு விரிச்ச பட்டு அவ்வளவும் போச்சு”ன்னாங்க.

காஞ்சிபுரம் பக்கம் விடியற்காலையில தெருவுல பாவு விரிச்சு, வீடே சேர்ந்து இழை இழையா சரிபார்க்கிறதை நீங்க பார்த்திருப்பீங்க. மெலிசான பட்டு இழை. அதுக்காக வானத்தைப் பார்க்கிறாங்க. முதல் மேகத்துக்கே சுருட்டறாங்க. ‘அஞ்சே நிமிஷம்’னு அவங்க சொல்றதில்ல. ஆட்டுக்காரர் ஆட்டுக்காக வானத்தைப் பார்க்கிறார். நாங்க எட்டு பேர் எட்டு உயிரை வச்சுக்கிட்டு, போட்டோவுக்கு பேக்ரவுண்டா வானத்தைப் பார்த்தோம்!

உண்மையைச் சொல்லணும்னா, அன்னைக்கு எட்டு பேர்ல ஒருத்தனுக்கு முன்னாடியே பயம் வந்துடுச்சு. முதல் மின்னல்லயே “போலாம்டா”ன்னான். என்ன பண்ணினோம் தெரியுமா? ‘அம்மா தேடுவாங்களா கண்ணா?’ன்னு எல்லாரும் சேர்ந்து கலாய்ச்சோம். அவன் வாயை மூடிக்கிட்டான். பயமிருந்தும் எங்களுக்காக நின்னான். அந்தப் பனை மரத்தைப் பார்த்தப்போ எனக்கு என் உயிரைவிட அவன் முகம்தான் ஞாபகம் வந்துச்சு. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா, அவங்க அம்மாகிட்ட போய் நான் என்ன சொல்லியிருப்பேன்? ‘போலாம்னுதான் சொன்னான், நாங்கதான் சிரிச்சோம்’னா?

ஒவ்வொரு கேங்லயும் அப்படி ஒருத்தன், ஒருத்தி இருப்பாங்க. அடுத்த தடவை அவங்க “போலாம்”னு சொன்னா சிரிக்காதீங்க, சாவியை எடுங்க. அப்படி யாரும் இல்லேன்னா, அந்த ஆள் நீங்களா இருங்க. ‘பயந்தாங்கொள்ளி’ன்னு ரெண்டு நாள் கூப்பிடுவாங்க. கூப்பிட்டுட்டுப் போகட்டும், கூப்பிட ஆள் இருக்காங்களே!

இன்னும் ஒரே ஒரு வேலை. தாமினியில உங்க ஊருக்கு எச்சரிக்கை வந்தா, வயலுக்குப் போன அம்மாவுக்கோ, ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போன தாத்தாவுக்கோ ஒரு போன். “மேக்கால கறுக்குது, வீட்டுக்கு வாங்க.” அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட ஆகாது.

தென்னேரிக்குப் போங்க. கிரிக்கெட் ஆடுங்க, ஆசை தீர போட்டோ எடுங்க. ஆனா மேற்கே ஒரு கண் இருக்கட்டும். ஜில்லுனு காத்து வந்தா ரசிக்கலாம்... பைக்ல ஊரைப் பார்த்துப் போய்க்கிட்டே!

அடுத்த வாரம் சந்திப்போமா? டாட்டா!